பேச்சுக்கு எல்லை எங்கே? மனம் புண்பட்டால் போதுமா?

கல்தூண்:
இன்னொரு இழையில் பேச்சு திசைமாறிப் போனதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அங்கே ஒருவர் "கருத்துச் சுதந்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு" என்று எழுதிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். உண்டுதான், யார் இல்லை என்றது? எல்லை எங்கே, அதைப் போடுவது யார் என்பதில்தான் தகராறே.

நான் மாதொருபாகன் விவகாரத்திலிருந்து தொடங்குகிறேன், நம்மில் பலருக்குத் தெரிந்தது என்பதால். அது பெருமாள்முருகனின் நாவல், 2010-இல் வந்தது. குழந்தை இல்லாத பெண்கள் திருச்செங்கோட்டுக் கோயில் திருவிழா இரவில் முன்பின் தெரியாத ஆணோடு சேர்ந்து பிள்ளை பெறும் வழக்கம் ஒன்று அந்தக் கதையில் வரும். நாலு வருஷம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2013-இல் ஆங்கிலத்தில் போனது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்தார்கள், சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெல்லாம் கொடுத்தார்கள், ஜனவரியில் கடையடைப்பு நடத்தினார்கள். அடுத்த பதிப்பில் ஊர்ப்பெயரை எடுத்துவிடுகிறேன் என்று பெருமாள்முருகன் சொல்லியும் அடங்கவில்லை. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் "அமைதிப் பேச்சுவார்த்தை". நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அப்புறம்தான் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் புத்தகத்துக்குத் தடை ஆணை எதுவும் கிடையாது. எந்த நீதிமன்றமும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. ஒரு அறை, ஒரு மேசை, ஒரு அதிகாரி, வெளியே கூட்டம். அவ்வளவுதான் நம் ஊரில் எல்லை போடும் முறை. கூட்டம் பெரிதாக இருந்தால் எல்லை குறுகும், கூட்டம் இல்லாவிட்டால் எல்லையே இல்லை. இதை மாற்றாமல் சட்டப்பிரிவுகளைப் பற்றி எத்தனை பேசினாலும் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி.

மதுரை வக்கீல்:
அண்ணே, பிரிவுகளையும் கொஞ்சம் பேசுவோம், ஏனென்றால் அதில் என்ன இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பேச்சுரிமையை அரசு கட்டுப்படுத்த அரசியல் சட்டம் 19(2)-இல் எட்டுக் காரணங்கள் இருக்கின்றன. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுவது. இவ்வளவுதான். இதற்கு மேல் புதிதாக ஒரு காரணத்தைச் சேர்த்துக் கட்டுப்படுத்த முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. எட்டில் "மனம் புண்படுதல்" எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

சரி, அப்படியானால் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் பழைய தண்டனைச் சட்டத்தின் 295ஏ எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள் (இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299). 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் அதைப் பொது ஒழுங்கு என்ற வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். ஆனால் எல்லா அவமதிப்பும் குற்றமில்லை, வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு மத உணர்வைக் காயப்படுத்தினால் மட்டும்தான் என்றார்கள். நடைமுறையில் அந்த "வேண்டுமென்றே" என்பதை யாரும் பார்ப்பதில்லை. அரசின் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவே முடியாது, ஆனால் கைதுக்கு அது தேவையில்லை. ஆக வழக்கு நிற்குமோ நிற்காதோ, ஆள் உள்ளே போய்விடுவார்.

சும்மா வந்தவன்:
எட்டு காரணமா. நான் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்தேன், "மேலிடத்து உத்தரவு".

கொங்குத்தமிழன்:
எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், நான் அந்தப் பகுதிக்காரன், ஒன்று கேட்கிறேன். கற்பனை ஊர் ஒன்றை வைத்து எழுதியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா? உண்மையான ஊர், உண்மையான கோயில், உண்மையான திருவிழா, அதில் குழந்தை இல்லாத பெண்கள் இப்படிப் போனார்கள் என்று எழுதினால், அந்த ஊரில் அந்தத் தெய்வத்தை வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்ற குடும்பங்கள் என்ன நினைக்கும்? எங்கள் பாட்டி வேண்டிக்கொண்டுதான் எங்கள் அப்பா பிறந்தார். இப்போது யாராவது சிரித்துக்கொண்டே கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? நீங்கள் இதை மத உணர்வு என்கிறீர்கள், எங்களுக்கு இது குடும்ப மானம். அவதூறு என்று ஒரு காரணம் அந்த எட்டில் இருக்கிறதல்லவா, அது தனி ஆளுக்கு மட்டும்தானா, ஊருக்குக் கிடையாதா?

புத்தகத்தை எரித்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கோபமே தப்பு என்பதுபோல் நீங்கள் பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கல்தூண்:
கோபம் தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? கோபப்படுங்கள், மறுப்பு எழுதுங்கள், கூட்டம் போடுங்கள், அந்த நாவலை வாங்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். அதெல்லாம் உங்கள் பேச்சுரிமை. கோபத்தைக் காட்டி ஒருவரை ஆட்சியர் அலுவலகத்துக்கு வரவழைத்துக் கையெழுத்து வாங்கியதைத்தான் சொல்கிறேன்.

மதுரை வக்கீல்:
கொங்குத்தமிழன் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. ஊரின் மானம், பெண்களைப் பற்றிய அவதூறு, ஆபாசம் எல்லாவற்றையும் மாதொருபாகன் பற்றிய வழக்கில் வாதமாக வைத்தார்கள். ஒரு குழுவுக்கு அவதூறு என்றால் அடையாளம் காட்டக்கூடிய ஆட்களாக இருக்கவேண்டும். ஒரு வட்டாரம் முழுக்க என்றால் நிற்காது. அதுவும் இது வரலாற்று நூல் இல்லை, நாவல். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் தீர்ப்பு சொன்னார்கள். பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடி வையுங்கள், தூக்கிப் போடுங்கள், படித்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அதன் சாரம். எழுத்தாளர் மறுபடி எழுதட்டும் என்று முடித்தார்கள்.

எல்லோரும் அந்தக் கடைசி வரியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். வக்கீலாக எனக்கு அதைவிட முக்கியமானது, ஜனவரி 12-இல் எழுதி வாங்கிய அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னதுதான். அதோடு, இப்படிப்பட்ட சூழ்நிலையில் அரசின் முதல் வேலை எழுதியவரைக் காப்பாற்றுவது என்றும் சொன்னது.

நெருஞ்சி:
இந்த "அமைதிப் பேச்சுவார்த்தை"யைப் பற்றி எழுத்தாளர்கள் 2015-இல்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் சேரிக்காரர்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். கோயிலுக்குள் போகவேண்டும் என்றால் தாலுகா அலுவலகத்தில் அமைதிக் கூட்டம். தேர் எங்கள் தெருவுக்கு வரவேண்டும் என்றால் அமைதிக் கூட்டம். அதில் என்ன முடிவு வரும் என்பது காபி வருவதற்கு முன்பே தெரியும், யாருக்கு உரிமை இருக்கிறதோ அவரைத்தான் "கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்பார்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023-இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகளை அடித்தார்கள். பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை. கடைசியில் ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அப்போது அடித்தவருக்கும் கோயில் இல்லை, அடிவாங்கியவருக்கும் கோயில் இல்லை, அதற்குப் பெயர் நடுநிலை.

அதனால் கல்தூண் சொல்லும் அந்தப் பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதியில் எனக்குச் சண்டை இருக்கிறது. "புண்படுவது எல்லை ஆகாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். சாதிப் பெயரைச் சொல்லி ஒருவனை நடுத்தெருவில் இழிவாகப் பேசினால் அது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், பொதுப் பார்வையில் படும் இடத்தில் நடந்தால் போதும், அடிக்கவேண்டிய அவசியம் இல்லை. அதையும் "வெறும் பேச்சுதானே, மூடி வை, தூக்கிப் போடு" என்பீர்களா? நான் எதைத் தூக்கிப் போடுவது, என் தெருவையா?

செவ்வந்தி:
நெருஞ்சி கேட்டதைத்தான் நானும் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். 2005-இல் குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகைக்குப் பேசினார், தமிழ்ப் பெண்களின் கற்பை அவமதித்துவிட்டார் என்று மாவட்டம் மாவட்டமாக வழக்கு, இருபதுக்கும் மேல். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரலில்தான் மொத்தமாக ரத்து செய்தது. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் ஒரு பெண் கோர்ட் கோர்ட்டாக அலைந்தார், எதற்கு? ஒரு அபிப்பிராயத்துக்கு. பெண்களின் மானத்துக்காகப் போராடுகிறோம் என்று வந்த ஆண்கள் அந்த ஊர்வலங்களில் என்னென்ன கோஷம் போட்டார்கள் என்று யாராவது வழக்குப் போட்டார்களா? இல்லை.

எனக்கு எல்லை ரொம்ப சுலபம். "உன் கருத்து கேவலம்" என்றால் பேச்சு. "உன் வீடு எங்கே என்று தெரியும்" என்றால் மிரட்டல். முதலாவதை நான் தாங்கிக்கொள்வேன், இரண்டாவதற்கு எனக்குப் போலீஸ் வேண்டும். ஆனால் நம் ஊரில் முதலாவதற்குத்தான் போலீஸ் ஓடிவருகிறது.

சும்மா வந்தவன்:
அக்கா, இரண்டாவதற்குப் போனால் "ஏன்மா அதையெல்லாம் படிக்கிறீங்க, போனை ஆஃப் பண்ணி வைங்க" என்பார்கள்.

பழைய கட்சிக்காரன்:
இளைஞர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், வயதில் மூத்தவன் என்பதால் கொஞ்சம் பின்னால் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வக்கீல் தம்பி எட்டுக் காரணம் சொன்னாரே, 1950-இல் அந்தப் பட்டியல் இதைவிடச் சின்னது. பெரிதானதற்கு நம் மாகாணம்தான் முக்கியக் காரணம், இது நிறையப் பேருக்குத் தெரியாது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் 'கிராஸ் ரோட்ஸ்' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார், இடதுசாரிப் பத்திரிகை. அது மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று சென்னை அரசு 1950 மார்ச்சில் தடை போட்டது, பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ். மே மாதமே உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது, பொது ஒழுங்கு என்ற காரணம் அரசியல் சட்டத்திலேயே இல்லையே என்று. உடனே 1951-இல் முதல் திருத்தம் கொண்டுவந்து பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல், வெளிநாட்டு நட்பு என்று மூன்றைச் சேர்த்தார்கள். "நியாயமான" கட்டுப்பாடு என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது, அது ஒன்றுதான் லாபம்.

வேடிக்கை என்னவென்றால், அதே முதல் திருத்தத்தில்தான் இடஒதுக்கீட்டுக்கான 15(4)-உம் வந்தது, அதற்கும் காரணம் சென்னை வழக்குதான், சாதி, மத வாரியாக இடம் ஒதுக்கிய வகுப்புரிமை ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கு. ஒரே காகிதத்தில் ஒரு கை கொடுத்தது, மறு கை எடுத்துக்கொண்டது.

அடுத்து 1963. பதினாறாவது திருத்தம். "இறையாண்மையும் ஒருமைப்பாடும்" என்ற காரணம் யாருக்காக வந்தது? தி.மு.க.காரர்களான எங்களுக்காகத்தான். 1962-இல் அண்ணா மாநிலங்களவையில் திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டுப் பேசினார். அதைச் சபையில் சொல்ல முடிந்தது, எதிர்க்கட்சிக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடமே தேர்தலில் நிற்பவர் ஒருமைப்பாட்டுக்கு உறுதிமொழி எடுக்கவேண்டும் என்று வந்துவிட்டது, கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் வீட்டுத் திண்ணையில் சண்டை போடுகிறோம். நான் சொல்லவருவது, ஒரு கருத்தைத் தோற்கடிக்க வாதம் போதும் என்று அன்றைய டெல்லி நம்பவில்லை.

கொங்குத்தமிழன்:
ஐயா, உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு மட்டும் நம்பியதா? எந்த ஆட்சி வந்தாலும் கார்ட்டூன் போட்டவனும் பாட்டுப் பாடினவனும் உள்ளே போகத்தானே செய்கிறான்.

பழைய கட்சிக்காரன்:
மறுக்கவில்லை. எல்லாக் கட்சிக்கும் இதில் பங்கு உண்டு. 1987-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு. மேடையில் இருப்பவர்களில் பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்ற ரீதியில். ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபையே மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. நாடே கத்தியதும் இரண்டொரு நாளில் விட்டார்கள். 2025 பிப்ரவரியில் அதே விகடனின் இணையதளத்தை ஒன்றிய அரசு முடக்கியது, பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த கார்ட்டூனுக்காக. இடையில் 2015-இல் டாஸ்மாக்கை மூடு என்று பாடிய கோவனைத் தேசத்துரோகப் பிரிவில் பிடித்தார்கள், சாராயக்கடையை எதிர்ப்பது எந்தத் தேசத்துக்குத் துரோகம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கூகை:
எல்லாரும் அரசு, அரசு என்கிறீர்கள். ஜனங்கள் பரப்பும் பொய்யை என்ன செய்வது? 2018 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா, பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள், அவ்வளவுதான், ஊரே சேர்ந்து அடித்து ஒரு வயதான அம்மா செத்தே போனார். அந்தக் குரல்பதிவைப் பேசியவன் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. "உஷாராக இருங்கள்" என்றுதான் சொன்னான். உங்கள் "தூண்டுதல்" கணக்கில் இவன் வருவானா மாட்டானா?

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று பழைய, வேறு ஊர் வீடியோக்களைப் போட்டுப் பரப்பினார்களே, திருப்பூரிலிருந்து எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள். அதுவும் யாரையும் அடி என்று சொல்லாத பேச்சுதான்.

மதுரை வக்கீல்:
நல்ல கேள்வி, இதற்குச் சுத்தமான பதில் என்னிடம் இல்லை, இருக்கிற விதியைச் சொல்கிறேன். இணையத்தில் எழுதியதற்காகக் கைதுசெய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்த தீர்ப்பில் (ஷ்ரேயா சிங்கால் வழக்கு) மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு விஷயத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, அதற்குத் தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எவ்வளவு பிடிக்காவிட்டாலும் பாதுகாக்கப்பட்டவை, மூன்றாவதுக்கு வரும்போதுதான் அரசு கைவைக்கலாம். பொய் என்பதற்காக மட்டும் ஒரு பேச்சு குற்றமாவதில்லை. ஆனால் பொய்யென்று தெரிந்தே பீதி கிளப்பினால், இரண்டு தரப்புக்கு நடுவே பகை மூட்டினால், பழைய தண்டனைச் சட்டத்தின் 505, இப்போதைய சட்டத்தின் 353, அது இருக்கிறது. வடமாநிலத் தொழிலாளர் வீடியோ மாதிரியான விஷயத்தில் அது பொருந்தும். ஆனால் தெரியாமல் பயந்துபோய்ப் பகிர்ந்த பக்கத்து வீட்டு அத்தையைப் பிடிக்கக்கூடாது. எங்கே கிளம்பியதோ அங்கே போகவேண்டும், நம் போலீசுக்குப் பகிர்ந்தவரைப் பிடிப்பது சுலபம், கிளப்பியவரைத் தேடுவது கஷ்டம்.

இந்த இடத்தில் ரங்கராஜன் வழக்கைச் சொல்லியே ஆகவேண்டும், 1989. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்படம். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை எதிர்க்கும் படம். வெளியிட்டால் தமிழ்நாட்டில் கலவரம் வரும் என்று மாநில அரசே வாதாடியது, உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல நெருக்கமாக இருக்கவேண்டும், எங்கோ எப்போதோ ஏதோ நடக்கலாம் என்ற ஊகம் போதாது என்றது. ஊர்வலம், மிரட்டல் இதற்கெல்லாம் பயந்து பேச்சை அடக்குவது மிரட்டியவனிடம் சரணடைவது, கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு சொல்லவே கூடாது என்றது. கல்தூண் அண்ணே, நீங்கள் முதல் பதிவில் சொன்னதை 1989-லேயே சொல்லிவிட்டார்கள், அதுவும் நம் ஊர் வழக்கில். நாமக்கல்லில் அந்த அறையில் யாரும் அதைப் படித்திருக்கவில்லை.

நெருஞ்சி:
அந்தப் படம் எங்களுக்கு எதிரான படம். இடஒதுக்கீட்டால்தான் நான் படித்தேன். இருந்தும் சொல்கிறேன், அதை ஓடவிட்டது சரி. படம் ஓடிற்று, இடஒதுக்கீடு எங்கேயும் போய்விடவில்லை. நான் வன்கொடுமைச் சட்டத்தைச் சொன்னதும் அந்தப் படத்தைத் தடைசெய்யச் சொல்வதும் ஒன்றில்லை. ஒரு கொள்கையை எதிர்ப்பது வேறு, ஒரு மனிதனை முகத்துக்கு நேரே நீ கீழே இரு என்பது வேறு. இரண்டாவது கருத்தே இல்லை. தீண்டாமை என்கிற செயலை வாயால் செய்வது, அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதை ஒழித்துவிட்டது.

கூகை கேட்டதற்கும் என் ஊர்ப் பக்கத்து உதாரணம் இருக்கிறது. 2012 நவம்பர் 7, தர்மபுரி நத்தம் காலனியும் பக்கத்து இரண்டு ஊர்களும். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். ஒரு காதல் கல்யாணம் அதற்குச் சாக்கு. ஆனால் அதற்கு முன்னால் மாதக்கணக்கில் மேடை மேடையாக என்ன பேசினார்கள், எங்கள் பையன்கள் உங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று. ஒவ்வொரு பேச்சையும் தனித்தனியாக எடுத்தால் "தூண்டுதல்" இல்லை, வக்கீல் சொல்லும் பொறியும் இல்லை. பீப்பாயை நிரப்பியது யார்? பொறி போட்டவனை மட்டும் பிடிப்பேன் என்றால் நிரப்பியவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். இதற்கு உங்கள் சட்டத்தில் இடம் எங்கே?

வன்னிக்காடு:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நெருஞ்சி சொல்வது விளங்குகிறது, எங்களுக்கும் அந்த அனுபவம் உண்டு, ஆனபடியால்தான் பயமாகவும் கிடக்கிறது. எங்கள் நாட்டிலும் வெறுப்புப் பேச்சைத் தடுக்க ஒரு சட்டம் போட்டவை, 2007-ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த சட்டம். அதின் மூன்றாம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. காகிதத்தில் பார்த்தால் எங்களைப்போன்ற சிறுபான்மையினரைக் காப்பாற்றுகிற சட்டம். அதில் ஆர் பிடிபட்டார்? 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்கிற சிங்கள எழுத்தாளர், ஒரு சிறுகதைக்காக. பிக்குமார் முறையிட்டார்கள், நாலு மாதம் விளக்கமறியலில் (விசாரணைக் காவலில்) கிடந்தார். அடுத்த வருஷம் மன்னாரைச் சேர்ந்த தமிழ்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள், 'நவரசம்' என்கிற கவிதைத் தொகுப்பைக் காட்டி. அந்தத் தொகுப்பிலேயே வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருக்கின்றன. ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தார், 2023 டிசம்பரில்தான் விடுதலை என்று தீர்ப்பு வந்தது.

2024-இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இன்னொன்று. எது பொய் என்று தீர்மானிக்க ஒரு ஆணைக்குழு, ஆட்களை நியமிப்பது ஜனாதிபதி. இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. பீப்பாய் நிரப்புகிறவனைப் பிடிக்க ஒரு சட்டம் கேட்டால், அரசாங்கம் அதைச் சந்தோஷமாகப் போட்டுத் தரும். பிறகு அதை வைத்து உங்களைத்தான் பிடிக்கும்.

நெருஞ்சி:
வன்னிக்காடு, நீங்கள் சொல்வது நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் "சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள்" என்பதை நாங்கள் வன்கொடுமைச் சட்டத்துக்கு எதிராகத் தினமும் கேட்கிறோம், அதைச் சொல்பவர்கள் யாரென்றும் தெரியும். அதனால் அந்த வாதத்தைக் கேட்டதும் எனக்கு உடம்பு எரிகிறது. எனக்குப் புதிய சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டத்தில் மேடைப் பேச்சுக்காரர் மேல் ஒரு வழக்கு, சாதாரணக் கோயில் பிரச்சினையில் எங்கள் பையன்கள் மேல் போடுகிற வேகத்தில் போட்டால் போதும்.

வன்னிக்காடு:
அது சரி. அதில் எனக்கு மறுப்பில்லை.

கல்தூண்:
நெருஞ்சி பீப்பாயைப் பற்றிச் சொன்னது எனக்கும் உறைக்கிறது. ஆனால் நான் பயப்படுவது, ஆறு மாதம் முன்னால் பேசிய பேச்சுக்கும் ஆறு மாதம் கழித்து எரிந்த வீட்டுக்கும் கோடு போட அனுமதித்தால், அந்தக் கோட்டை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீட்டலாம். கூடங்குளத்தில் அணு உலையை எதிர்த்த மீனவர்கள் மேல் ஆயிரக்கணக்கில் தேசத்துரோக வழக்கு அப்படித்தானே போட்டார்கள். நான் பார்ப்பது மூன்று: யார் பேசுகிறார், கேட்பவர் கையில் என்ன இருக்கிறது, யாரை நோக்கிக் கை நீள்கிறது. பின்னால் பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு ஒரு காலனியைச் சுட்டிக்காட்டிப் பேசுபவரும், வீட்டில் உட்கார்ந்து நாவல் எழுதியவரும் ஒரே தராசில் நிற்கக்கூடாது. இப்போது நிற்கிறார்கள், அதிலும் நாவல்காரர் பக்கம்தான் தட்டு சாய்கிறது.

கொங்குத்தமிழன்:
இதுவரை பேசியதில் இது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் ஏறுகிறது. ஆனாலும் அந்த ஊர்ப்பெயரை முதலிலேயே போட்டிருக்கக்கூடாது என்பதில் நான் மாறவில்லை. நீதிபதிகள் சொன்னாலும் சரி.

செவ்வந்தி:
மாறவேண்டாம் அண்ணா. அதை எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

சும்மா வந்தவன்:
ஒரு சந்தேகம். போன வாரம் நான் போட்ட ஒரு பதிவை இங்கே நீக்கினீர்களே, அது மட்டும் என்ன கணக்கு?

மட்டுறுத்துனர்:
ஒருவரின் வீட்டு முகவரியைப் போட்டிருந்தீர்கள். கருத்து அப்படியே இருக்கிறது, முகவரியைத்தான் எடுத்தோம்.

அரசமரத்தடி:
இவ்வளவு பெரிய ஆட்கள் பேசும் இடத்தில் ஒரு சின்ன விஷயம் கேட்கலாமா. எங்கள் ஊரில் மாதம் ஒரு புத்தகம் என்று பத்திருபது பேர் கூடிப் பேசுவோம். இந்த மாதம் எடுத்த புத்தகம் சாதி மறுப்புத் திருமணம் பற்றியது. யாரோ போன் போட்டிருக்கிறார்கள், ஸ்டேஷனிலிருந்து மண்டபக்காரரைக் கூப்பிட்டு "எதற்கு உங்களுக்கு வம்பு, சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காகிதமும் இல்லை. மண்டபக்காரர் அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பாவம் அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாங்கள் என்ன செய்வது?

மதுரை வக்கீல்:
முதலில், மண்டபத்துக்குள் நடக்கும் கூட்டத்துக்குப் போலீஸ் முன்அனுமதி தேவையில்லை, சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இரண்டாவது, வாய்வார்த்தையை எதிர்த்து வழக்குப் போடுவது கஷ்டம், எழுத்தில் இருந்தால்தான் பிடிக்க முடியும். அதனால் நீங்கள் எழுத்தில் கொடுங்கள். இந்தத் தேதியில், இந்த இடத்தில், இத்தனை பேர், இந்தப் புத்தகம், மிரட்டல் வந்திருக்கிறது, பாதுகாப்பு வேண்டும் என்று. கவனியுங்கள், அனுமதி கேட்காதீர்கள், பாதுகாப்புக் கேளுங்கள். அனுமதி கேட்டால் மறுப்பதற்கு நீங்களே வழி விடுகிறீர்கள். பதிவுத் தபாலில் ஸ்டேஷனுக்கு ஒன்று, எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒன்று. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்துப் பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பதில் வராவிட்டாலும் போகலாம். உங்கள் மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள், மனுவை நான் போட்டுத் தருகிறேன்.

அரசமரத்தடி:
நன்றி வக்கீல் சார். எழுதுகிறேன். மண்டபம் மட்டும் இனிக் கிடைக்குமா தெரியவில்லை, அவர் பயந்துபோய் இருக்கிறார்.

நெருஞ்சி:
எந்த ஊர் என்று எனக்கும் தனிச்செய்தியில் சொல்லுங்கள். பக்கத்தில் என்றால் எங்கள் சமுதாயக்கூடத்தில் இடம் பேசிப் பார்க்கிறேன்.